‘துணை’ன்னு ஒரு வார்த்தை

எவலின் கோக். ஜமைக்காவுல இருந்து நியூயார்க் வந்தவர். 20 வருஷமா வீடு வீடாப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறு கொடுத்து, பார்த்துக்கிட்டவர். வாரம் 70 மணி நேரம் வரைக்கும் வேலை. ஓவர்டைம் கூலி கிடையாது.

இதுல சட்டமீறலே இல்லைங்க. 1938-ல அமெரிக்காவுல குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்துச்சு, மணிக்கு 25 சென்ட். வீட்டு வேலை செய்யறவங்களும் விவசாயக் கூலிகளும் அதுல சேர்த்தி இல்லை. தென் மாநிலங்கள்ல அந்த வேலைகள்ல இருந்தவங்க பெரும்பாலும் கறுப்பின மக்கள். சட்டத்துல நிறத்தைப் பத்தி எழுதவே தேவைப்படலை.

1974-ல வீட்டு வேலை செய்யறவங்களைச் சேர்த்தாங்க. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ‘துணை’யா இருக்கறவங்களை மட்டும் விட்டுட்டாங்க. பக்கத்துல உக்காந்து பேசற வேலைன்னு நினைப்பு போல! அடுத்த வருஷ விதிகள் ஏஜென்சி ஆட்களையும் அதே கணக்குல தள்ளுச்சு.

படுத்த படுக்கையா இருக்கறவரைத் தனியாளா புரட்டிப் படுக்க வெச்சிருக்கீங்களா? முதல்ல போறது முதுகு. ஆஸ்பத்திரின்னா இன்னொருத்தர் கை கொடுப்பார், வீட்டுல யார்? களைச்சுப்போய்த் தூக்கினா ரெண்டு பேருக்குமே ஆபத்து. ஓவர்டைம் கூலி வெறும் காசு விஷயம் இல்லை. முதலாளிக்குச் செலவு கூடும்னாதான் வேலை நேரம் குறையும்.

எவலின் கோக் வழக்குப் போட்டார். 2007-ல உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிகளும் அவருக்கு எதிரா தீர்ப்புச் சொன்னாங்க. அப்போ அவருக்கே சிறுநீரகம் செயலிழந்திருந்தது. 2009-ல, 74 வயசுல இறந்துட்டார்.

ஏஜென்சிகளுக்கு அந்த விலக்கு கிடையாதுன்னு 2013-ல ஒபாமா அரசு விதியை மாத்துச்சு. ஏஜென்சிகள் அதுக்கும் கோர்ட்டுக்குப் போனதால, 2015-லதான் அமலுக்கு வந்தது.