சொன்ன பெயரும் கொடுத்த சரக்கும்

சந்தையிலே ஒரு விற்பனை நடக்கும்போது இரண்டு கைமாறுகின்றன. ஒன்று சரக்கு; மற்றொன்று அதைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல். "இது ஆறு பல் காளை" என்கிறார் ஒருவர். "இது கலப்பில்லாத கருங்கண்ணி" என்கிறார் இன்னொருவர். "இது 2018-ம் ஆண்டு வண்டி, ஒருவர் கைப்பட ஓட்டியது, 40,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடவில்லை" என்கிறார் வேறொருவர். வாங்குபவர் சரக்குக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. அந்தச் சொல்லுக்கும் சேர்த்தே கொடுக்கிறார். சொல் பொய்த்துப் போனால், கொடுத்த பணத்தில் ஒரு பகுதிக்கு ஈடாக அவர் கையில் ஒன்றுமே இல்லை. அந்தப் பகுதியைத் திரும்பக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டா?

இன்று இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பழைய கார் வாங்கி ஏமாந்தவர்களே கேட்கக் காண்கிறோம். ஆனால், கேள்வி காரைவிட மூத்தது. கோவில்பட்டியைச் சுற்றிக் கிடக்கும் கரிசல் சீமையிலே அது முதலில் மாட்டுத்தாவணியில் எழுந்தது; பிறகு பருத்திச் சாக்கிலே எழுந்தது; அதன் பின்னரே கார் நிற்கும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அந்த வழியை அறிந்தால், இன்றைய சட்டம் யாரைக் காக்கிறது, எந்த அளவுக்குக் காக்கிறது என்பது தெளிவாகும். அதனை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

மாட்டுத்தாவணியில் வாங்குபவருக்குத் துணை அவருடைய கண்ணும் கையுமே. காளையின் வாயைப் பிரித்துப் பல்லை எண்ணி வயது கணிப்பார், சுழி பார்ப்பார், நடத்திப் பார்ப்பார். தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை முடிப்பார். முடிந்த விலை முடிந்ததுதான். வீட்டுக்குப் போனபின் மாடு படுத்துக்கொண்டால், பார்த்து வாங்காதது வாங்கியவர் குற்றம். இங்கிலாந்துச் சட்டமும் நெடுங்காலம் இதையே சொல்லிற்று: "வாங்குபவனே, எச்சரிக்கையாக இரு."

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இந்தக் கொள்கையின் சாயலை இன்றும் காணலாம். மோசடி இன்னதென்று கூறும் 17-ம் பிரிவு குதிரை விற்பனை ஒன்றை உதாரணமாகக் காட்டுகிறது. குறையுள்ள குதிரையை அதன் குறையை அறிந்த ஒருவன் ஏலத்தில் விற்கிறான். குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால், "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே கொள்வேன்" என்று வாங்குபவன் சொல்லியும் விற்பவன் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆகவே, கேட்காதவனுக்குச் சட்டம் அதிகம் உதவவில்லை, கேட்டவனுக்கு உதவிற்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

ஒரு மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாம். ஆயிரம் மூட்டைப் பருத்தியை எப்படிப் பார்ப்பது? 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. கோவில்பட்டியும் சாத்தூரும் விருதுபட்டியும் அந்தப் பாதையில் அமைந்த பருத்திப் பேட்டைகளாக வளர்ந்தன. மானாவாரிக் கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியே கடல் கடந்தது. திருநெல்வேலியின் பெயராலேயே அது வெளிநாட்டுச் சந்தைகளில் வழங்கிற்று. வாங்குபவர் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். அவர் கண்டது ஒரு பிடி மாதிரிப் பஞ்சும் ஒரு பெயரும் மட்டுமே.

பெயர் கெட்டால் என்ன நேரும் என்பதற்கு அதற்குச் சற்று முன்னரே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில், அமெரிக்கப் பஞ்சு கிடைக்காத லங்காஷையர் ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்கின. சூரத் என்ற பெயரில் சென்ற அப்பஞ்சில் மண்ணும் கொட்டையும் குட்டை நாரும் கலந்திருந்ததால், சூரத் என்னும் சொல்லே அங்கே மட்டச் சரக்குக்கு மறுபெயர் ஆயிற்று. தங்களைச் 'சூரத் பீர்க்காரர்' என்று பழித்தவர்மேல் பீர் காய்ச்சுவோர் சிலர் 1863-ல் மானநட்ட வழக்கே தொடுத்தார்கள்! பருத்தி விற்பனையில் நடக்கும் மோசடியைத் தண்டிக்கப் பம்பாய் அரசாங்கம் 1829-லும் 1863-லும் தனிச் சட்டங்கள் செய்ததிலிருந்தே தீமையின் அளவை உணரலாம்.

கலப்படம் செய்தவர் யார் என்று தேடினால் ஒருவர் இன்னொருவரைச் சுட்டுவார். ஆலைக்காரர் பிரஸ்காரரைச் சொல்வார். பிரஸ்காரர் அரைவை ஆலையைச் சொல்வார். அரைவை ஆலைக்காரர் கமிஷன் வியாபாரியையும், அவர் கிராமத்துத் தரகரையும், தரகர் சம்சாரியையும் சொல்வார்கள். எடை கூடப் பருத்தியில் தண்ணீர் தெளிப்பதும், பழையதைப் புதியதோடு சேர்ப்பதும், நீள நாரோடு குட்டை நாரைக் கலப்பதும் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் நடக்கக்கூடியவையே. அனுபவமுள்ள வியாபாரி சாக்கின் வாயில் இருக்கும் பருத்தியைப் பார்ப்பதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடிப்பருத்தியை எடுத்து, இரு பெருவிரல்களுக்கிடையே நாரை இழுத்துப் பார்ப்பார். இதை நான் பேட்டைகளில் பலமுறை கண்டிருக்கிறேன். அனுபவமில்லாதவர் என்ன செய்வார்?

கரிசல் சீமைக்கு இதில் ஒரு தனிச் சோதனை வந்தது. அதன் பெயர் புளிச்சைப் பருத்தி. அதன் நார் குட்டை. ஆனால், அரைத்தால் பஞ்சு அதிகம் காணும். கிராமத்தில் வாங்கும் தரகர் இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், புளிச்சையைக் கருங்கண்ணியோடு கலந்தவருக்கு இலாபம், கலக்காதவருக்கு நட்டம். ஓர் ஊரில் சிலர் கலந்தால், வெளியூர் வியாபாரி அந்த ஊர்ச் சரக்கு முழுவதுக்கும் விலையைக் குறைப்பார். அப்போது சுத்தமான கருங்கண்ணி விதைத்த சம்சாரி, தான் செய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டுகிறார். சில ஆண்டுகள் கட்டியபின் அவரும் கலக்கத் தொடங்குகிறார், அல்லது நல்ல விதையைக் கைவிடுகிறார்.

இந்தச் சுழலை உடைக்கப் பல முனைகளில் முயன்றார்கள். 1901-ல் கோவில்பட்டியில் தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கலந்து கிடந்த வகைகளிலிருந்து கருங்கண்ணியைப் பிரித்தெடுத்துத் தூய விதையைப் பரப்பிற்று. இந்தியப் பருத்தியின் நிலையை ஆராய 1917-ல் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1919-ல் அறிக்கை வந்தது. அதன் பயனாக 1921-ல் இந்திய மத்தியப் பருத்திக் குழு தோன்றியது. மட்டப் பருத்தி நல்ல பருத்திப் பகுதிக்குள் கொண்டுவரப்படுவதைத் தடுக்க 1923-ல் ஒரு சட்டம் வந்தது. 1925-ம் ஆண்டின் அரைவை, பிரஸ் ஆலைச் சட்டம், அழுத்திக் கட்டிய ஒவ்வொரு பேலின்மேலும் பிரஸ்ஸின் முத்திரையும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும் என்று விதித்தது. கலப்படம் எங்கே தெரியவந்தாலும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கட்டியவரிடம் திரும்பி வரலாம். சென்னை மாகாணம் 1932-ல் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றிப் புளிச்சையையே தடுத்தது. 1933-ல் வாணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை திறக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான பொதுச் சட்டம் 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 15-ம் பிரிவு சுருக்கமானது. ஒரு சரக்கை இன்னதென்று விவரித்து விற்றால், சரக்கு அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கிய நிபந்தனை. மாதிரியும் காட்டி விவரமும் சொல்லியிருந்தால், மாதிரிக்கு ஒத்திருப்பது மட்டும் போதாது. விவரத்துக்கும் ஒத்திருக்க வேண்டும். அடுத்த பிரிவு, அந்த வகைச் சரக்கையே வியாபாரம் செய்பவர் விவரித்து விற்றால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால், வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையை அவர் பின்னால் சொல்ல முடியாது. மாட்டுத்தாவணியின் பழைய நீதி முழுவதும் மறையவில்லை. அதற்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது.

இப்போது காருக்கு வருவோம். 1967-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விந்தையான வழக்கைத் தீர்த்தது. ஒருவர் தம் காரை 1961-ம் ஆண்டு 'ஹெரால்டு' கார் என்று விளம்பரம் செய்து 160 பவுனுக்கு விற்றார். வாங்கியவர் நேரில் பார்த்தே வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு கார் அன்று, இரண்டு! பின்பாதி 1961-ம் ஆண்டுக் கார். முன்பாதி அதற்கு முந்திய கார். நடுவில் பற்றவைத்து ஒட்டியிருந்தார்கள். விற்றவர் வியாபாரி அல்லர். அவருக்கே அது தெரியாது. இருந்தும் நீதிமன்றம் வாங்கியவருக்கு 125 பவுன் ஈடு வழங்கியது. சொன்ன விவரத்தை நம்பியே அவர் வாங்கினார், சரக்கு விவரத்துக்கு ஒத்திருக்கவில்லை, அது போதும். கருங்கண்ணியும் புளிச்சையும் ஒரே சாக்கில் இருந்தது போன்றதே இதுவும்.

மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1970-ல், ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே, வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கொடுக்கத் துணிவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மனமில்லாமல் விலகுவார். நல்லது விலக விலக, எஞ்சும் சரக்கு மட்டமாகும். விலை மேலும் சரியும். இந்த ஆராய்ச்சிக்காக அவர் 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் ஏட்டில் வகுத்துக் காட்டியதைக் கரிசல் சம்சாரி தம் நட்டத்திலே கண்டறிந்திருந்தார். பொய் விவரத்தால் கெடுவது ஏமாந்த ஒருவர் மட்டும் அன்று. நேர்மையான வியாபாரியும் அல்லவா சேர்ந்து கெடுகிறார்!

சட்டம் இருந்தும் எளியவருக்கு அது எட்டாமல் இருந்தது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காட ஆண்டுகளும் செலவும் வேண்டும். 1986-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தூரத்தைக் குறைத்தது. சரக்கின் தரம், வகை, மாடல் பற்றிப் பொய் கூறுவதும், பழையதைப் புதியதென்று காட்டுவதும் நேர்மையற்ற வணிகம் என்று அது பின்னர் வெளிப்படையாக வகுத்துச் சொன்னது. பருத்திப் பேட்டையின் முறையீடும் கார் வாங்கியவர் முறையீடும் அந்தச் சொற்களிலே ஒருங்கே அடங்கிவிடுகின்றன. 2012-ல் உச்ச நீதிமன்றம், மட்ட விதை வாங்கி நட்டமடைந்த விவசாயியும் நுகர்வோரே என்று தீர்த்தது.

2019-ல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிட வழி செய்தது. கோவில்பட்டிக்காரர் எந்த ஊரில் வண்டி வாங்கியிருந்தாலும், தூத்துக்குடி மாவட்ட ஆணையத்துக்கு மனுச் செய்யலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம். மனுவை 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 2020-ம் ஆண்டின் விதிகளின்படி, கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்காக வாங்கியவரை இச்சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. ஆனால், நகையை அடகு வைத்துப் பழைய வேன் ஒன்றை வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவரை விலக்கவில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்கு அது இடம் கொடுக்கிறது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்று, தம்மிடம் வரும் வண்டிகளைத் தெரிவிக்க வேண்டும் என்ற மத்திய விதியும் உள்ளது. பேலின்மேல் எண் பொறித்ததன் நோக்கமே இதன் நோக்கமும்: சரக்கு யார் கையில் இருந்தது என்று தெரிய வேண்டும்.

எனினும், சட்டத்தின் எல்லையையும் அறிய வேண்டும். பழைய வண்டி பழைய வண்டிதான். தேய்ந்த டயரும் மங்கிய வர்ணமும் ஏமாற்று ஆகா. கண்ணுக்குத் தெரிந்த குறைக்கு விலையைத்தான் குறைத்துப் பேச வேண்டும். மோதிச் சிதைந்ததை மறைத்து "விபத்தில் சிக்காத வண்டி" என்பதும், ஓடிய தூரம் காட்டும் மீட்டரைத் திருப்பி வைப்பதும், மூன்று கை மாறியதை ஒரு கை என்பதும் வேறு. அவை பெயரை மாற்றிச் சரக்கை விற்பது.

அதனால்தான் குதிரை உதாரணத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். கேளுங்கள், வாயால் கேட்டதோடு நில்லாமல், விற்பவர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தையும் இரசீதையும் எறிந்துவிடாதீர்கள். பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சாக்கின் அடியில் கைவிட்டுப் பார்க்கும் வியாபாரியைப் போன்றவர்.

நாளை உங்களில் சிலர் வாங்குபவர் ஆவீர்கள். சிலர் கடை வைத்து விற்பவரும் ஆவீர்கள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலை பிறழாத நெஞ்சத்தைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அத்தகைய நெஞ்சம் உள்ளவருக்குச் சட்டம் பகை அன்று; பொய் சொல்பவரின் போட்டியிலிருந்து அவரைக் காக்கும் வேலி. சொன்ன பெயருக்குரிய சரக்கைக் கொடுப்பவர் சந்தையில் நிலைத்திருக்க வேண்டுமானால், வாங்குபவர் தம் உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும்.