ஈயச் சிப்பாயின் விலை

1895இல் இந்தியக் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாயிலிருந்து 9 ரூபாய் ஆனது. அதே பத்தாண்டில் லண்டனில் பிரிட்டன்ஸ் கம்பெனி, மதராஸ் சிப்பாயின் உருவத்தை ஈயத்தில் வார்த்துச் சிவப்புப் பெட்டியில் அடுக்கி விற்கத் தொடங்கியது. காலாட்படை என்றால் பெட்டிக்கு எட்டு, குதிரைப்படை என்றால் ஐந்து. பெட்டி ஒரு ஷில்லிங். ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று அந்த நூற்றாண்டின் கடைசியில் மாற்று விலை நிலைத்தது. அந்தக் கணக்கில் ஒரு ஷில்லிங் 12 அணா. மதராஸ் சிப்பாய் தன் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தால், லண்டன் விலைக்குப் பன்னிரண்டு பெட்டி வாங்கலாம். தன்னைப் போலவே தலைப்பாகை கட்டிய 96 பேர்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து என் சேகரிப்பை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

நான் சென்னீர்குப்பத்துக்காரன். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து மண்ணில் படையின் கால் படாத இடம் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லி, இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய துருப்புகளின் டிப்போ. பரங்கிமலையில் பீரங்கிப் படை, பல்லாவரத்தில் கண்டோன்மெண்ட். 1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன் ஈயச் சிப்பாய் சேர்ப்பது வெள்ளைக்காரன் மீதுள்ள மோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் சேர்ப்பது நம் ஆட்களைத்தான். மதராஸ் என்று பெயர் போட்ட பெட்டிகளையும், அவற்றிலிருந்து சிதறிய உருவங்களையும் மட்டும்தான் தேடுகிறேன்.

1893க்கு முன்னால் பொம்மைச் சிப்பாய் என்றால் ஜெர்மனிதான். நியூரம்பர்க்கில் தட்டையாக வார்ப்பார்கள். டிரெஸ்டனில் ஹைடே கம்பெனி முழு உருவமாக, உள்ளே கெட்டியாக வார்த்தது. கெட்டி வார்ப்புக்கு உலோகம் நிறையப் பிடிக்கும், கப்பல் கூலியும் எடைக்குத் தகுந்தபடி ஏறும். பிரிட்டன்ஸ் குடும்பத்தின் இளைய வில்லியம் பிரிட்டன் 1893இல் ஒரு வழி கண்டார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டி மேலோடு உறைந்ததும் நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவது. உள்ளே வெற்றிடம், வெளியே முழுச் சிப்பாய். உயரம் 54 மில்லிமீட்டர்; அன்றைய பொம்மை ரயிலுக்குப் பொருந்துகிற அளவு. ஜெர்மன்காரர்களின் சந்தையை இந்த ஒரு வழி உடைத்தது. ஒரு ஷில்லிங் விலை அந்த வெற்றிடத்தால் வந்தது.

மிச்சச் செலவு வண்ணம் தீட்டும் கை. துண்டுக் கூலிக்குப் பெண்கள் தீட்டினார்கள். முகத்துக்கு ஒரு கை, சட்டைக்கு ஒரு கை என்று வேலை ஓடும்.

இந்திய வரிசையைத் தேடுகிறவர்களுக்குப் பெட்டி எண்கள் மனப்பாடமாக இருக்கும். 45 மதராஸ் குதிரைப்படையின் மூன்றாம் ரெஜிமெண்ட். 64இல் இரண்டாம் மதராஸ் லான்ஸர்களும் ஏழாம் வங்காளக் காலாட்படையும் ஒன்றாக வரும். 67 முதலாம் மதராஸ் காலாட்படை, 68 இரண்டாம் பம்பாய்க் காலாட்படை. இதில் 67ஐயும் 68ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். அச்சு ஒன்றுதான். அதே நடை, அதே துப்பாக்கி, அதே தலைப்பாகை. மதராஸ்காரனையும் பம்பாய்க்காரனையும் பிரித்துக் காட்டுவது தூரிகை மட்டுமே. வண்ணத்தைச் சுரண்டிவிட்டால் இவன் எந்த ஊர்க்காரன் என்று சொல்ல ஈயத்தில் எந்தச் சாட்சியும் இல்லை.

அதனால்தான் இந்தத் துறையில் விலையை வண்ணம் தீர்மானிக்கிறது. பழைய வண்ணம் பாதி உதிர்ந்திருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. புதிதாகத் தீட்டிப் பளபளவென்று இருந்தால் விலை சரிந்துவிடும். நான் வாங்கும்போது முதலில் லென்ஸ் வைத்து உதிர்ந்த இடத்தின் ஓரத்தைப் பார்ப்பேன். ஒரு நிறம், அதற்குக் கீழே நேராகச் சாம்பல் ஈயம் என்றால் நல்லது. ஓரத்தில் இரண்டு நிறம் அடுக்காகத் தெரிந்தால் யாரோ பிறகு தீட்டியிருக்கிறார்கள். பெல்ட்டின் விளிம்பும் பொத்தான் மேடும் மழுங்கியிருந்தாலும் அதே சந்தேகம்தான். டாங்கிக்கு எத்தனை கோட் அடித்திருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கடினமில்லை.

அடுத்தது அடிப்பலகை. 1900க்குப் பிறகு, தங்கள் உருவங்களை மற்றவர்கள் அப்படியே அச்செடுத்து விற்றதால், கம்பெனி பெயரையும் பதிப்புரிமைத் தேதியையும் காலடியில் பொறித்தார்கள். நீள்வட்ட அடி பழையது, சதுர அடி பிந்தையது. ஆனால் பொறித்த தேதி உருவம் பதிவான தேதி; இந்தச் சிப்பாய் கடைக்கு வந்த ஆண்டு அது இல்லை. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம். பிறகு பெட்டி. ஃபிரெட் விஸ்டாக் வரைந்த லேபிள் கிழியாமல் ஒட்டிய பெட்டி இருந்தால், அதே சிப்பாய்கள் பெட்டி இல்லாமல் பெறும் விலையைவிடக் கணிசமாகக் கூடப் போகும். அட்டைக்கு இவ்வளவா என்று முதலில் எனக்கும் தோன்றியது. எட்டுப் பேரும் ஒரே நாளில் ஒன்றாகப் புறப்பட்டவர்கள் என்பதற்கு அந்த அட்டைதான் அத்தாட்சி.

நம் வீட்டு வழக்கம் இதற்கு நேர் எதிரானது. நவராத்திரிக்கு முன்னால் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, மங்கிய பொம்மைக்கு வண்ணம் தீட்டித்தான் படியில் வைப்போம். மங்கிய அம்மனை வைப்பது குறை. என் அம்மா கொலுவின் கீழ்ப்படியில் செட்டியார் பொம்மைக்கும் பேண்டு வாத்தியக் கோஷ்டிக்கும் நடுவில் இரண்டு ஈயச் சிப்பாய்களை நிறுத்துவார். அப்பா சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. கொசப்பேட்டைக் களிமண் பொம்மைக்குச் செய்த அதே மரியாதையை அம்மா அவர்களுக்கும் செய்தார்: ஆண்டுதோறும் புதுச் சட்டை. ஒருவனுக்கு இலைப்பச்சை, ஒருவனுக்கு மஞ்சள். ஏலக்காரர் கணக்கில் அந்த இரண்டும் வெறும் ஈயம். எங்கள் வீட்டில் அவை விற்பனைக்கு இல்லை. கொலுப் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது சரி, அது வழிபாட்டோடு வாழ்கிற பொருள். சேகரிப்புக்கு வந்த பழைய சிப்பாய்க்குத் தீட்டுவது தவறு, அவன் உடம்பில் இருப்பது ஆவணம். இரண்டையும் நான் ஒரே மனதோடு நம்புகிறேன்.

மூர் மார்க்கெட் 1900இல் திறந்தது, 1985 மே 30இல் எரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பங்களின் சாமான் நிறைய அங்கே வந்து சேர்ந்தது. ஈயச் சிப்பாய்களுக்கு அங்கே விலை என்பது பெரும்பாலும் எடை. பழைய உலோகத்தோடு தராசில் ஏறி, உருக்கப் போனவற்றுக்குக் கணக்கில்லை. தீ விபத்துக்குப் பிறகு வியாபாரிகள் அல்லிக்குளம் பக்கம் போனார்கள். இன்று இந்தத் தேடல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நடக்கிறது. தலை ஒடிந்த ஒருவன், குதிரை இல்லாத ஒருவன் எப்போதாவது அகப்படுவான். கண்டால் பேரம் பேசாமல் வாங்குகிறேன்.

மூர் மார்க்கெட்டில் சிப்பாய்கள் எடைக்குப் போன அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. 1966இல் பிரிட்டன்ஸ் ஈய வார்ப்பை நிறுத்தியது. குழந்தைகள் கையில் ஈயம் ஆபத்து என்ற கவலை, பிளாஸ்டிக்கின் மலிவு, இரண்டும் சேர்ந்து. நிறுத்தியதும் பழையதற்கு ஏலச் சந்தை வளர்ந்தது. லண்டன் ஃபிலிப்ஸ் ஏலக்கூடமும் ஜேம்ஸ் ஓபி எழுதிய விவர நூல்களும் எது அரிது, எது சாதாரணம் என்று வரையறுத்தன. அமெரிக்கப் பதிப்பாளர் மால்கம் ஃபோர்ப்ஸ் டாஞ்சியரில் ஓர் அரண்மனையையே பொம்மைப் படைக்கு அருங்காட்சியகமாக்கினார். இன்று சாதாரணப் பெட்டிகளின் விலை இறங்கியிருக்கிறது. அவற்றோடு விளையாடிய தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அரிதானவை மட்டும் நிற்கின்றன.

புது உருவங்களிலும் கூலிக் கணக்குதான் விலை. இலங்கையில் ஃபெர்னாண்டோ எண்டர்பிரைசஸ் போன்ற கூடங்கள், மேலைநாட்டார் அனுப்பும் உலோக உருவங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வண்ணம் தீட்டிக் கொடுக்கின்றன. லண்டனில் துண்டுக் கூலிக்குத் தீட்டிய பெண்களின் வேலை கடல் தாண்டி நம் பக்கம் வந்திருக்கிறது. தீட்டியவரின் பெயர் இப்போதும் பெட்டியில் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு சிப்பாயின் மதிப்பு அவன் யார் என்பதில் தொடங்குகிறது. 67ஆம் பெட்டிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். பிறகு இந்தியா முழுமைக்கும் அவரே தளபதி. மதராஸ் ரெஜிமெண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன, சில பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. முதலாம் மதராஸ் 1903இல் 61ஆம் பயனியர்ஸ் ஆகி, 1933இல் கலைக்கப்பட்டது. இன்று நீங்கள் தேடிப் போனால் அந்த ரெஜிமெண்ட் இல்லை; சிவப்புச் சட்டையில் ஈயத்தில் நிற்கிறது.

குதிரைக்காரர்களின் கதை வேறு. 64இல் உள்ள இரண்டாம் லான்ஸர்கள், 1776இல் ஆற்காட்டு நவாபின் படையில் தொடங்கியவர்கள். இன்று 16ஆம் லைட் கேவல்ரி, டாங்கிப் படை. 45இல் உள்ள மூன்றாம் மதராஸ் இன்று 7ஆம் லைட் கேவல்ரி. காஷ்மீர்ப் போரில், 1948 நவம்பர் 1இல் ஜோஜி லா கணவாயில் ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றிச் சென்று எதிரியைத் திகைக்க வைத்தவர்கள் அவர்கள்தான். அந்த டாங்கிகளுக்குப் பாதை வெட்டியவர்கள் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினர். ஐந்து குதிரைக்காரர்கள் கொண்ட பெட்டியை நான் ஏலத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கேட்டு வாங்கியது இதற்காகத்தான். வண்ணம் சுமார், ஒரு குதிரைக்குக் கால் இல்லை. நஷ்டம் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் 1948 முதல் வாளும் பதக்கமும் சீருடையும் வைத்திருக்கிறார்கள். மதராஸ் படையின் ஈய உருவங்களுக்கும் அங்கே ஓர் அலமாரி வேண்டும். தனி ஆட்களின் பீரோவில் இருக்கும்வரை, அடுத்த தலைமுறையில் இவை மறுபடி தராசுக்குத்தான் போகும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு சிப்பாய் இருந்தால், தயவு செய்து கழுவாதீர்கள், வண்ணம் தீட்டாதீர்கள், பழைய உலோகக்காரரிடம் போடாதீர்கள். மரப்பெட்டியில் அடைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் நம் கடற்கரை ஈரமும் சேர்ந்தால் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். காற்று புகும் கண்ணாடி அலமாரி போதும். தொட்டால் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். யார் வாங்கியது, எங்கே, எந்த ஆண்டு என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி அவன் பக்கத்திலேயே வையுங்கள்.