வானத்துக்கு ஓர் உடன்படிக்கை – 6: செப்டம்பர் 16

1985 மார்ச் 22. வியன்னாவில் நாடுகளின் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஓசோன் படலத்தைக் காக்கப் பிறந்த முதல் உலக உடன்படிக்கை அது. ஆராய்ச்சியில் ஒத்துழைப்போம், தகவல்களைப் பகிர்ந்துகொள்வோம், வேண்டுமானால் மேற்கொண்டு பேசுவோம் என்றுதான் அதில் எழுதியிருந்தது. சி.எஃப்.சி. வாயுவை ஒரு கிலோ குறைப்பதாகக்கூட எந்த நாடும் வாக்குக் கொடுக்கவில்லை. அமெரிக்காவும் கனடாவும் நார்டிக் நாடுகளும் ஸ்பிரே டப்பாக்களில் அதைத் தடைசெய்யச் சொல்லின. உற்பத்தித் திறனுக்கு உச்சவரம்பு போதும் என்றது ஐரோப்பியச் சமூகம். தங்கள் ஊரில் ஏற்கெனவே செய்து முடித்ததைத்தான் இரு தரப்பும் உலகத்துக்குச் சிபாரிசு செய்தன.

அதற்காக வியன்னாவை வெற்றுக் காகிதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சி.எஃப்.சி.-யிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று விஞ்ஞானிகள் ரோலண்டும் மொலினாவும் 1974-ல் சொன்ன வேதியியல் கணக்கைத் தவிர அந்த மேசையில் பெரிய சாட்சியம் எதுவும் இல்லை. சேதத்தைக் கண்ணால் பார்க்காமலேயே நாடுகள் கூடி உட்கார்ந்தன. இந்தத் தொடரை எழுத எனக்கு ஊக்கம் தந்ததே அந்த முன்யோசனைதான்.

ஆனால் சாட்சியம் அப்போதே தபாலில் போய்ச் சேர்ந்திருந்தது. 1984 டிசம்பரிலேயே ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு கட்டுரை வந்துவிட்டது. வியன்னாவில் பேனாவைத் திறந்தவர்களுக்கு அந்த விஷயம் தெரியாது.

கட்டுரை கிளம்பிய இடம் அண்டார்க்டிகாவின் ஹாலி விரிகுடா. மிதக்கும் பனித்தட்டின் மேல் 1956-ல் பிரிட்டன் அமைத்த நிலையம் அது. அங்கே டாப்சன் என்ற நீளமான பெட்டி வடிவக் கருவி உண்டு. சூரிய ஒளியில் இரண்டு புற ஊதா அலைநீளங்களைப் பிரித்து ஒப்பிடும். ஒன்றை ஓசோன் அதிகம் விழுங்கும், மற்றதைக் குறைவாக. கருவியில் இருப்பவர் வட்டைத் திருகித் திருகி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வட்டு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வார். தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்பது அந்த எண்ணிலிருந்து கிடைத்துவிடும். பல மாத இரவு முடிந்து சூரியன் எட்டிப்பார்த்ததும் அளவெடுப்பு தொடங்கும். வருடா வருடம் இதே வேலை. பெரிய பலன் வருமென்று எவரும் எதிர்பார்க்காத வேலை.

கேம்பிரிட்ஜில் மூட்டை மூட்டையாகக் கிடந்த அந்தக் குறிப்புத்தாள்களைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு ஜொனாதன் ஷாங்க்ளின் என்ற இளைஞருக்கு வந்தது. ஏற்ற ஏற்ற, வசந்தகால எண்கள் இறங்கிக்கொண்டே போயின. 300 அலகு அளவில் இருந்த அக்டோபர் சராசரி 200-ஐ ஒட்டி வந்துவிட்டது. குழுத் தலைவர் ஜோ ஃபார்மன் அவசரப்படவில்லை. கருவியே பழுதாயிருக்கலாம் அல்லவா? புதுக் கருவி ஒன்று ஹாலிக்குப் போனது. அதுவும் அதே எண்ணைத்தான் காட்டியது. வடக்கே வெகுதூரத்தில் இருந்த இன்னொரு நிலையத்தின் பதிவிலும் சரிவு தெரிந்தது. பிறகுதான் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் எழுதினார்கள். வியன்னா முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1985 மே 16 அன்று கட்டுரை வெளிவந்தது.

நாசாவுக்குப் பெரும் அதிர்ச்சி. அதன் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் இதே பள்ளத்தைப் பார்த்திருந்தது. இவ்வளவு குறைந்த அளவுகள் வராது என்று நினைத்து, அவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று தனியே குறித்து வைத்திருந்தார்கள். அவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தபோது தெரிந்த ஓட்டை ஒரு கண்டத்தின் அகலம்.

காரணம் எது? சூரியச் சுழற்சி என்றார் ஒருவர், காற்றோட்டம் என்றார் இன்னொருவர். 1986-ல் சூசன் சாலமன் ஒரு குழுவோடு மெக்மர்டோ தளத்துக்குப் போனார். கடுங்குளிரில் உருவாகும் துருவ மேகங்களின் பனித்துகள்கள் மேல்தான் குளோரின் விழித்துக்கொள்கிறது என்பது அவருடைய வாதம். திரும்பும்போது அதற்கு ஆதரவான தடயங்கள் இருந்தன. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

அதற்குள் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர் முஸ்தபா தோல்பா மறுபடி நாடுகளைப் பேச்சுக்கு இழுத்துவிட்டார். எகிப்தைச் சேர்ந்த விஞ்ஞானி, விடாப்பிடிக்காரர். வாஷிங்டனிலோ உட்பூசல். உடன்படிக்கை எதற்கு, மக்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளட்டும் என்ற பேச்சு உள்துறைச் செயலர் டொனால்ட் ஹோடல் தரப்பிலிருந்து 1987 மே மாதம் கசிந்தது. நாடே கொதித்தது. அதிபர் ரீகன் வலுவான குறைப்பின் பக்கம் நின்றார்.

செப்டம்பரில் மாண்ட்ரியல். கடைசி நிமிடம் வரை இழுபறி. ஐந்தாண்டுத் திட்டத்தில் பாதி கட்டிய ஆலைகளைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது சோவியத் யூனியன். அதற்கென ஒரு விதி நுழைந்தது. சேராத நாடுகளோடு இந்தப் பொருள்களில் வணிகம் கிடையாது என்று இன்னொரு விதி. என்னைக் கேட்டால் அந்த உடன்படிக்கையின் முதுகெலும்பே அதுதான். ஆளுக்கு 0.3 கிலோவுக்கும் குறைவாகப் பயன்படுத்தும் வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம். 1986 அளவிலிருந்து நூற்றாண்டின் இறுதிக்குள் சி.எஃப்.சி. பாதியாக வேண்டும். 1987 செப்டம்பர் 16 அன்று 24 நாடுகளும் ஐரோப்பியச் சமூகமும் கையெழுத்திட்டன.

அதே செப்டம்பர் 16. சிலியின் தென்கோடியில் உள்ள புன்டா அரெனாஸிலிருந்து ஈ.ஆர்.-2 விமானம் ஒன்று தனி விமானியோடு ஓட்டைக்குள் பறந்தது. சுமார் 18 கிலோமீட்டர் உயரம். ஹார்வர்டின் ஜேம்ஸ் ஆண்டர்சன் வடிவமைத்த கருவி இறக்கையில் காற்றை உறிஞ்சி அளந்தது. தெற்கே போகப் போக குளோரின் மோனாக்சைடு ஏறிய இடத்திலெல்லாம் ஓசோன் இறங்கியது. ஒன்று ஏற, மற்றது இறங்க, இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று பிரதிபலித்தன. குற்றவாளி யார் என்பதில் இனி சந்தேகம் இல்லை. முடிவுகள் வெளியானது செப்டம்பர் 30-ல். மாண்ட்ரியலில் மை காய்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஆக, பாதிக் குறைப்பு போதவே போதாது. முழுவதும் நிறுத்தியாக வேண்டும். ஆனால் யார் நிறுத்துவது? உலக மக்களில் கால்வாசிப் பேர் வாழும் பணக்கார நாடுகள் சி.எஃப்.சி.-யில் 80 சதவீதத்துக்கும் மேல் பயன்படுத்தின. இந்தியாவும் சீனாவும் கையெழுத்திடவே இல்லை. ஓட்டையை நாங்கள் போடவில்லை, கோடிக்கணக்கான வீடுகளுக்கு இனிமேல்தான் ஃபிரிட்ஜ் வரப்போகிறது, மாற்று வாயுவின் காப்புரிமையோ உங்கள் நிறுவனங்களின் பெட்டகத்தில் என்றது டெல்லி. என் கணிப்பில் அந்தப் பேச்சுவார்த்தை முழுவதிலும் அதைவிட நியாயமான கேள்வி எழவில்லை. இந்த இரண்டு நாடுகளும் தங்கள் போக்கில் உற்பத்தியைப் பெருக்கினால் மற்றவர்கள் குறைத்ததெல்லாம் வீண்.

1990 மே. வளரும் நாடுகளுக்கென்று தனி நிதி தொடங்கப் புதிதாகப் பணம் தர முடியாது என்று அமெரிக்கா கைவிரித்தது. மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் திருத்தக் கூடவிருந்த லண்டன் மாநாட்டுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அதற்கு இந்தியக் குழுவோடு கிளம்பத் தயாரானவர் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி. பணமும் தொழில்நுட்பமும் எழுத்தில் வராமல் கையெழுத்து இல்லை என்பது டெல்லியின் நிபந்தனை. எழுத்தில் தரமாட்டோம் என்பது வாஷிங்டனின் பதில். லண்டனில் முதலில் இறங்கிவந்தது யார்?

(அடுத்த இதழில்)