எள்ளளவு வண்டுக்குப் பேர் வைக்க எவ்வளவு நாள் ஆகும்?

இந்த எபிசோடோட ஹீரோ எள் அளவுதான் இருப்பார். நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். நிறம் கறுப்பு. ஊர், போர்னியோ தீவில் இருக்கிற மலேசியாவின் சபா மாநிலம். முழுப் பேர் குரூவெல்லினஸ் லியனார்டோடிகாப்ரியோய். ஆமா, 'டைட்டானிக்' டிகாப்ரியோவேதான்.

2018இல் இந்த வண்டு செய்தியில் வந்தப்போ எல்லாரும் அந்தப் பேரைப் பத்தித்தான் பேசினாங்க. டிகாப்ரியோவும் தன்னோட ஃபேஸ்புக் புரொஃபைல் படத்தை எடுத்துட்டு வண்டோட படத்தை வச்சார். எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற ஒரு விஷயம். வண்டைத் தண்ணியிலிருந்து எடுத்தது 2017இல். பேர் வச்சு ஆய்விதழில் எழுதினது 2018இல். ஒரே வருஷ இடைவெளி. இதுல என்ன ஆச்சரியம்னு கேட்கிறீங்களா? அதைச் சொல்லத்தான் இந்த எபிசோடு.

முதல்ல வண்டைப் பிடிச்ச இடம். சபாவில் மலியாவ் பேசின்னு ஒரு பகுதி இருக்கு. சுமார் 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய கிண்ணம் மாதிரி, சுத்தி செங்குத்தான மலைச்சுவர், உள்ளே அடர்ந்த காடு. 1947இல் ஒரு பிரிட்டிஷ் விமானி அந்தச் சுவர்மேல மோதப் பார்த்துத் தப்பிச்சார். வெளியுலகத்துக்கு இப்படி ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சதே அப்படித்தான். பெரிய அளவிலான அறிவியல் பயணம் உள்ளே போனது 1988இல். 1997இல் இதை முழுப் பாதுகாப்பு பெற்ற காடா அறிவிச்சாங்க.

2017இல் 'டாக்ஸான் எக்ஸ்பெடிஷன்ஸ்'ங்கிற அமைப்பு அங்கே தன்னோட முதல் பயணத்தை நடத்துச்சு. அதுல விஞ்ஞானிகளோட சேர்ந்து போனவங்க பூச்சியியல் படிச்சவங்க இல்லை. ஆர்வத்துல வந்த சாதாரண ஆட்கள். வேகமா ஓடுற ஓடையில் கல்லுகளுக்கு நடுவுல தேடினப்போ கிடைச்சதுதான் நம்ம ஹீரோ.

இந்த வண்டுக் குடும்பத்துக்கு எல்மிடேன்னு பேர். நீர்வண்டுதான், ஆனா நீச்சல் சரியா வராது! நீண்ட நகங்களால கல்லையும் மரக்கட்டையையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஓடுற தண்ணிக்கு அடியில் நடந்துதான் வாழும். மூச்சுக்காக மேலே வரவும் தேவையில்லை. உடம்புல இருக்கிற மிக நுண்ணிய ரோமங்கள் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடிச்சு வச்சுக்கும். தண்ணியில் கரைஞ்சிருக்கிற ஆக்ஸிஜன் அந்தப் படலத்துக்குள்ள வந்துகிட்டே இருக்கும். அதனால இதுக்குத் தண்ணி சுத்தமா, ஆக்ஸிஜன் நிறைஞ்சதா இருக்கணும். மேலே காட்டை வெட்டினா சேறு வந்து ஓடையில் இறங்கும். சாக்கடை கலந்தா ஆக்ஸிஜன் குறையும். ரெண்டுமே இந்த வண்டுக்கு ஆபத்து. ஒரு ஓடை நல்லா இருக்கான்னு பார்க்க இந்தக் குடும்பத்து வண்டுகளைத் தேடுறது அதனாலதான்.

சரி, வண்டு கிடைச்சாச்சு. கண்டுபிடிப்பு முடிஞ்சுதா? இல்லை. அறிவியலைப் பொறுத்தவரை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

விலங்குகளுக்குப் பேர் வைக்கிற முறை லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூல் பதிப்பிலிருந்து தொடங்குது. அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் வச்ச எல்லாப் பேரும் ஒரே கணக்குல வரும். புது இனம்னு சொல்லணும்னா, ஏற்கனவே பேர் வச்ச உறவுக்கார இனங்களோட ஒப்பிட்டு இது எப்படி வேறன்னு எழுதிப் பிரசுரிக்கணும். ஒரு உடலை 'இதுதான் மாதிரி'ன்னு குறிப்பிடணும். அதுக்கு ஹோலோடைப்னு பேர். பின்னாடி யாருக்காவது சந்தேகம் வந்தா அந்த உடலைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க. அதனால அதை ஒரு அருங்காட்சியகத்துல பத்திரமா வைக்கணும்.

குரூவெல்லினஸ்ங்கிற பேரினத்தை 1923இலேயே சாம்பியன்ங்கிற பூச்சியியலாளர் வகுத்துட்டார். இதுல பல இனங்கள் வெளியே பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நிச்சயமா பிரிச்சுச் சொல்ல ஒரே வழி, ஆண் வண்டோட இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்புல பார்க்கிறதுதான். சிரிக்காதீங்க, நிஜமாவே வேலை அதுதான். எள் அளவு உடம்புக்குள்ள இருந்து அந்த உறுப்பை உடையாம எடுக்கணும், வரையணும், அளக்கணும், பழைய கட்டுரைகளோட ஒப்பிடணும். இதைச் செய்யத் தெரிஞ்சவங்க உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான்.

இங்கேதான் வரலாறு வருது. வலையும் பேனாவும் ஒரே வேகத்துல ஓடினதே இல்லை.

இதே போர்னியோவுக்கு 1854இல் வந்தவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். டார்வினோட சேர்த்துப் பேசப்படுற அதே வாலஸ். மறுவருஷம் சரவாக்கில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காட்டை வெட்டிக்கிட்டிருந்தாங்க. அங்கே வேலை செஞ்ச டயாக் மக்களுக்கும் சீனத் தொழிலாளர்களுக்கும், கொண்டுவர்ற பூச்சி ஒண்ணுக்கு ஒரு சென்ட்னு கொடுத்து வாங்கினார். மலாய்த் தீவுகளில் எட்டு வருஷம் சுத்தி அவர் சேர்த்தது 1,25,660 மாதிரிகள். அதுல 83,200 வண்டுகள்! அத்தனையையும் ஒரே ஆள் விவரிச்சு எழுத முடியாது. அவர் கொண்டுவந்த நீளக்கொம்பு வண்டுகளை மட்டும் பாஸ்கோங்கிற இன்னொருத்தர் 1864இல் தொடங்கி 1869 வரைக்கும் உட்கார்ந்து எழுதினார். பிடிச்சுக் கொடுத்தவங்க ஒருத்தர், வாங்கிச் சேர்த்தவர் ஒருத்தர், எழுதினவர் இன்னொருத்தர். நடுவுல வருஷங்கள் ஓடிடுச்சு.

அது 19ஆம் நூற்றாண்டு, கப்பல் காலம், இப்போ அப்படி இல்லைன்னு நினைக்கிறீங்களா? வாங்க, வெனிசுவேலாவுக்குப் போவோம். 1985. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ஸ்பாங்லர், அமேசோனாஸ் மாநிலத்துல பாறைமேல வழியுற தண்ணியிலிருந்து ஒரு வண்டை எடுத்தார். நம்ம டிகாப்ரியோ வண்டு எள்ளுன்னா இது கசகசா. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நகங்கள் சீப்பு மாதிரி பல் பல்லா இருந்தது. தெரிஞ்ச எந்த வண்டுக் குடும்பத்துலயும் இது சேரலை.

அதுக்குப் பேர் வந்தது 2005இல். இருபது வருஷம்! ஸ்பாங்லரும் வாரன் ஸ்டைனரும் எழுதின கட்டுரையில் அந்த ஒரே ஒரு இனத்துக்காக ஒரு புதுக் குடும்பத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. பேர் மெரு பிலிஸே. புராணத்துல வர்ற நம்ம மேரு மலை இல்லைங்க. அந்த நாட்டுப் பழங்குடி மொழியான பெமோனில் மெருன்னா அருவி. உலகத்திலேயே உயரமான ஏஞ்சல் அருவிக்கு அவங்க மொழியில் கெரெபகுபாய் மெருன்னுதான் பேர். இந்த வண்டோட புழுப் பருவம் எப்படி இருக்கும்னு எழுதினது இன்னும் தள்ளி, 2011இல்.

மெருவோட கதை விதிவிலக்கு இல்லை. 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டாங்க. ஒரு புது இனத்தோட முதல் மாதிரியைப் பிடிச்ச நாளிலிருந்து அதுக்குப் பேர் வர்ற வரைக்கும் சராசரியா 21 வருஷம் ஆகுது. அதாவது, இன்னைக்குப் பேரில்லாத உயிர்கள் காட்டுல மட்டும் இல்லை. அருங்காட்சியக டிராயர்லயும் சாராய பாட்டில்லயும் காத்துக்கிட்டிருக்கு.

காத்திருந்தா என்ன, டிராயர்தானே, எங்கே ஓடிடப் போகுதுன்னு தோணலாம். 2018 செப்டம்பர் 2ஆம் தேதி ராத்திரி. டிகாப்ரியோ வண்டு செய்தியில் வந்த அதே வருஷம். ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலோட தேசிய அருங்காட்சியகம் தீப்பிடிச்சு எரிஞ்சது. சுமார் 50 லட்சம் பூச்சிகள் இருந்த சேகரிப்பு ஏறக்குறைய முழுசா சாம்பலாச்சு. அதுல ஹோலோடைப்களும் இருந்தது. பேர் வச்ச இனத்துக்காவது எழுதின கட்டுரை மிஞ்சும். படம் இருக்கும், அளவு இருக்கும். பேர் வைக்காமலேயே டிராயரில் எரிஞ்சுபோனதைப் பத்தி எழுத என்ன இருக்கு?

காட்டுலயும் இதே நிலைமைதான். ஒரு ஓடைக்குக் குறுக்கே அணை வரப்போகுதுன்னா, அங்கே அழியக்கூடிய இனங்களோட பட்டியல் கேட்பாங்க. பேர் இல்லாதது பட்டியலில் எப்படி வரும்? பட்டியலில் இல்லாததுக்காக யார் வழக்குப் போடுவாங்க? அதனால பேர் வைக்கிறதை வெறும் சடங்குன்னு நான் நினைக்கலை. ஒரு உயிருக்காக யாராவது பேசணும்னா, முதல்ல அதைக் குறிப்பிட ஒரு சொல் வேணும்.

இப்போ மலியாவ் வண்டுக்குத் திரும்புவோம். அது எப்படி ஒரே வருஷத்துல பேர் வாங்குச்சு? பிடிச்ச வண்டு நேரா அந்தக் குடும்பத்தைப் பத்தித் தெரிஞ்சவர் கைக்குப் போச்சு. அட்டெனியோ டி மணிலா பல்கலைக்கழகத்தோட ஹென்ட்ரிக் ஃபிரைட்டாக் தென்கிழக்கு ஆசிய நீர்வண்டுகளிலேயே வேலை செய்றவர். அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரை 'ஸூகீஸ்' ஆய்விதழில் வந்தது. ஒண்ணு இல்லை, மூணு புது இனங்கள். ரெண்டாவதுக்கு டச்சு விண்வெளி வீரர் ஆந்த்ரே கைப்பர்ஸோட பேர், மூணாவதுக்கு 'குவெஸ்ட்'. டிகாப்ரியோ பேரை, பயணத்துல வந்தவங்களும் மலியாவ் ஆய்வு மையத்தினரும் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க.

கல்லுக்கடியில் தேடுறதுக்கு டிகிரி வேணாம், பொறுமை போதும்னு அந்தப் பயணம் காட்டுச்சு. தட்டுப்பாடு அடுத்த கட்டத்துலதான். மைக்ரோஸ்கோப் முன்னாடி உட்கார்ந்து வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு எழுதுற ஆட்களுக்கு. அந்த வேலையில் இருக்கிறவர் ஓய்வு பெற்று, அந்த இடத்துக்கு யாரும் வரலைன்னா, அவர் விட்டுட்டுப் போன டிராயர் அப்படியே மூடிக்கும்.

அதனால, அடுத்த தடவை 'புதிய உயிரினம் கண்டுபிடிப்பு'ன்னு ஒரு ஹெட்லைன் வந்தா, வேடிக்கையான பேரோட நிறுத்திடாதீங்க. உள்ளே போய் ரெண்டு வருஷங்களைத் தேடுங்க: பிடிச்ச வருஷம், எழுதின வருஷம். ரெண்டுக்கும் நடுவுல அந்த வண்டு எங்கே இருந்தது, அந்த ஓடை இன்னும் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.