அடிப்பது போல அடிக்கிறேன், அழுவது போல அழு!



ஆங்கிலச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் சொல் ‘கொலூஷன்’. கள்ளக்கூட்டு, உடந்தை, கூட்டுச்சதி என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். ஆனால் இவை மூன்றும் ஒன்றல்ல. பாடம் நடத்திய பழக்கம், சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் விட மனம் வருவதில்லை!

இது லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் ‘லூதெரே’ என்றால் விளையாடுதல். நம் பிள்ளைகள் ஆடும் ‘லூடோ’வுக்கும் அதே வேர்தான். ‘சேர்ந்து’ என்று பொருள்படும் முன்னொட்டு அதனுடன் இணைய, ‘சேர்ந்து விளையாடுதல்’ என்றாகிறது. சதியைக் குறிக்கும் ‘கான்ஸ்பிரசி’க்கு வேர்ப்பொருள் சேர்ந்து மூச்சுவிடுதல். தவறைப் பார்த்தும் விட்டுவிடும் ‘கனைவன்ஸ்’ என்பதற்கோ கண்ணை மூடிக்கொள்ளுதல். ‘கண்டும் காணாமல்’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

சரி, மோசடியில் விளையாட்டு எங்கே வந்தது? வெளியே எதிரிகள், உள்ளே கூட்டாளிகள். ‘நான் அடிப்பது போல அடிக்கிறேன், நீ அழுவது போல அழு’ என்று நம் மக்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். சட்டத்தில் இந்தச் சொல் முக்கியமாகக் குறிப்பதும் இப்படிப்பட்ட பொய்ச்சண்டையைத்தான்.

பழைய ரோமில் அரசு வழக்கறிஞர் கிடையாது. குடிமகன் ஒருவரே முன்வந்து குற்றம் சாட்டவேண்டும். கி.மு. 73 முதல் 71 வரை சிசிலித் தீவை ஆண்ட ஆளுநர் வெர்ரஸ் அங்கே கொள்ளையடித்தார். பாதிக்கப்பட்ட மக்கள் சிசரோவை நாடினார்கள். அப்போது கேசிலியஸ் என்பவர் குறுக்கே வந்து, ‘எனக்கும் வெர்ரஸுக்கும் பகை, நானே வழக்கு நடத்துகிறேன்’ என்றார். அவரோ வெர்ரஸின் கீழ் நிதி அதிகாரியாக இருந்தவர்! இவர் கையில் போனால் வழக்கு உருப்படாது என்று வாதாடி, கி.மு. 70இல் அந்த உரிமையைச் சிசரோ பெற்றார். அவர் சாட்சிகளை அடுக்கியதும், வெர்ரஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் ரோமை விட்டே வெளியேறினார்.

இதில் ஏன் இத்தனை கவலை? ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. எனவே தோற்பதற்கென்றே நடத்தும் வழக்கு, குற்றவாளிக்குக் கவசமாகிவிடும். முதலில் வழக்குப் போட்டவர் எதிரியுடன் கூட்டு என்று தெரிந்தால் மறுபடி வழக்குத் தொடரலாம் என்று ரோமானியச் சட்டம் விதிவிலக்கு வைத்தது.

இங்கிலாந்தில் வேறு கதை. 1937 வரை விவாகரத்துக்குப் பிறன்மனைத் தொடர்பு ஒன்றே காரணமாக ஏற்கப்பட்டது. மனம் ஒத்துப் பிரிய விரும்பிய தம்பதிகள் என்ன செய்தார்கள்? கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்தி, கணவர் பிரைட்டன் போன்ற கடற்கரை ஊரில் ஓட்டல் அறை எடுப்பார். காலையில் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண் பின்னர் சாட்சி சொல்வார்! கொலூஷன் என்று தெரிந்தால் விவாகரத்து கிடைக்காது. நேர்மையாகப் பிரிய வழியில்லாத சட்டம், நல்லவர்களையும் நாடகமாட வைத்தது.

நம் நாட்டிலும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 44ஆம் பிரிவில், ஒரு தீர்ப்பு மோசடியாலோ இத்தகைய கூட்டாலோ பெறப்பட்டது என்று நிரூபிக்க இடம் கொடுத்தது.

நீதிமன்றம் வரை போகவேண்டாம், நம் ஊர்க் கண்மாய் மீன் ஏலத்தைப் பாருங்கள். ஏலம் கேட்பவர்கள் முதல்நாளே பேசி வைத்துக்கொள்வார்கள். மறுநாள் போட்டி போடுவது போல நாலு கேள்வி கேட்பார்கள். ஒருவர் குறைந்த விலைக்கு எடுப்பார், மற்றவர்களுக்குப் பங்கு போய்விடும். இதற்குச் ‘சிண்டிகேட்’ என்று பெயர். பெரிய டெண்டர்களிலும் இதே ஆட்டம்தான். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதைத் தடை செய்கிறது.

இந்த ஆட்டத்தில் ஆடுகிற இருவருமே தோற்பதில்லை. தோற்பது வேடிக்கை பார்க்கும் மூன்றாமவர். ஏலத்தில் குறைந்த பணம், நம் தெருவுக்கு வரவேண்டிய குடிநீர்க் குழாய், தெருவிளக்கு. எனவே இரண்டு பேர் சண்டை போட்டால், யார் ஜெயித்தார் என்பதோடு நிறுத்தாமல், இருவரும் சேர்ந்து யாரைத் தோற்கடித்தார்கள் என்றும் பாருங்கள்.

உங்கள் பக்கத்தில் இதற்கு என்ன சொல் வழங்குகிறது? எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.