சூட்டில் ஓடிய கடிகாரம்: கார் இண்டிகேட்டரின் கதை

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கார் வயரிங்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் எங்கள் பெரியப்பாவின் பழைய அம்பாசடர்.

போன மாதம் அதன் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போட்டார். மறுநாள் வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டார். எரிந்தது, ஆனால் சிமிட்டவில்லை. பின்னால் வந்த பைக்காரருக்கு அது சிக்னலாகவே தெரியவில்லை. ஒரு முழம் இடைவெளியில் தப்பினார். "பல்ப் நல்ல பல்புதான் தம்பி, ஃப்ளாஷருக்குத்தான் அது பத்தாது" என்றார் மெக்கானிக். புரியாமல் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் எல்லோரும் கையைத்தான் நீட்டினார்கள். 1914-ல் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற ஊமைப்பட நடிகை, பட்டனை அழுத்தினால் காரின் பின்னால் கை போல ஒன்று எழும்பும் கருவியை அமைத்தார். காப்புரிமை வாங்கவில்லை, காசும் வரவில்லை. (காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க :-) ) ஐரோப்பாவில் பக்கவாட்டிலிருந்து சின்னக் கை நீளும் 'டிராஃபிகேட்டர்' வந்தது. மோரிஸ் மைனரில் 1961 வரை அதுதான். அமெரிக்காவில் 1939 மாடல் ப்யூக் கார்களிலேயே சிமிட்டும் விளக்கு வந்துவிட்டது.

சரி, எப்படிச் சிமிட்டுகிறது? ஃப்ளாஷர் டப்பாவுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை. கரண்ட் போனால் சூடாகி வளையும், இணைப்பு விடும், விளக்கு அணையும். ஆறினால் மறுபடி ஒட்டும். அந்த 'டிக் டிக்' சத்தம் இதுதான். 12 வோல்ட்டில் 21 வாட் பல்ப் இரண்டு சேர்ந்தால் 3.5 ஆம்ப். இந்தக் கணக்கை நம்பித்தான் பட்டையே செய்தார்கள். எல்.ஈ.டி. இரண்டும் சேர்ந்து 4 வாட் என்றால் கால் பங்கு ஆம்ப்புக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பட்டை சூடாவதே இல்லை! நாம் வீண் செலவு என்று வெட்டியதுதான் கடிகாரத்தையே ஓட்டிக்கொண்டிருந்தது.

தீர்வு இரண்டு. ஒன்று, ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் இணையாக 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர். 2 ஆம்ப் இழுத்து பழைய பல்ப் போலவே நடிக்கும். ஆனால் கை வைக்க முடியாத அளவு சுடும். பிளாஸ்டிக்கிலோ வயர் மேலோ படாமல் உலோகத்தில் திருகவேண்டும். மிச்சம் பிடித்த கரண்டும் போச்சு. இரண்டாவது நல்ல வழி: எல்.ஈ.டி.க்கான எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர். இது சூட்டை நம்பாது. பெரும்பாலும் ஒரு எர்த் வயர் மட்டும் கூடுதலாகக் கொடுக்கவேண்டும்.

அதை மாற்றிய பிறகும் நாலு விளக்கும் சேர்ந்து சிமிட்டினால்? பல பழைய கார்களில் டாஷ்போர்டில் ஒரே ஒரு இண்டிகேட்டர் பல்ப்தான். ஒரு முனை இடது வயரில், மறுமுனை வலது வயரில். இடது போட்டால், கரண்ட் அது வழியாக வலப்பக்க பல்ப் இழையில் புகுந்து எர்த்துக்குப் போகும். அந்தத் துளி கரண்டில் 21 வாட் பல்ப் எரியாது. எல்.ஈ.டி. எரிந்துவிடும். இரண்டு வயரிலிருந்தும் தலா ஒரு டயோடு வைத்து பல்பின் ஒரு முனைக்குக் கொண்டுவந்து, மறுமுனையை எர்த் செய்தால் சரியாகிவிடும். பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய பிரிட்டிஷ் கார் என்றால் டயோடின் திசை மாறும், அதற்கேற்ற எல்.ஈ.டி.யும் வேண்டும்.

பெரியப்பா காரில் ஃப்ளாஷரை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒன்றை மட்டும் இழந்தோம். முன்பு ஒரு பல்ப் ஃப்யூஸ் போனால் 'டிக் டிக்' தாளம் மாறி, காட்டிக் கொடுத்துவிடும். புது ஃப்ளாஷர் எது போனாலும் அதே தாளம்தான் போடும். ஆடிட்டரை வேலையை விட்டு அனுப்பிய கம்பெனி மாதிரி. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு காரைச் சுற்றி வருவது இப்போது என் வேலை.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால் நீங்களும் ஒரு சுற்று வாருங்கள்.