கனோவா சாந்துச் சிற்பக்கூடம், பொசாஞோ

இத்தாலியின் வெனெத்தோ பகுதியிலுள்ள பொசாஞோ, சிற்பி அந்தோனியோ கனோவா (1757–1822) பிறந்த ஊர். பளிங்கில் செதுக்குமுன் அவர் பாரிஸ் சாந்தில் செய்த மாதிரிகள், அவர் மறைந்தபின் ரோம் பட்டறையிலிருந்து இங்கு வந்து சேர்ந்தன. அவற்றுக்காக பிரான்செஸ்கோ லாட்சாரி 1830களில் வளைகூரைக் கூடம் ஒன்றைக் கட்டினார். அதையொட்டி, கனோவா பிறந்ததன் 200ஆவது ஆண்டுக்காக, கார்லோ ஸ்கார்பா 1955–57இல் சிறிய கட்டடம் ஒன்றைச் சேர்த்தார். எந்தச் சிலை எந்த ஒளியில் நிற்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்தே அதன் சுவர்கள் பிறந்தன. சிறிய கலைக்கூடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

சாந்துக்கு நிறமோ பளபளப்போ கிடையாது. அதில் வடிவத்தைக் காட்டுவது நிழல்தான். லாட்சாரியின் கூடத்தில் வெளிச்சம் உச்சியிலிருந்து சீராக இறங்குகிறது. ஸ்கார்பாவோ சுவர்களும் கூரையும் கூடும் மூலைகளையே வெட்டித் திறந்து, கண்ணாடிப் பெட்டிகளைப் பொருத்தினார். மூலையில் நுழையும் வெயில் இருபுறச் சுவர்களிலும் வழிந்து சிலையைப் பக்கவாட்டில் தொடுகிறது. பொழுது ஏற ஏற நிழல் இடம் மாறுகிறது. அளவுகளைப் பளிங்குக்குக் கொண்டுசெல்ல மாதிரியில் பதித்த சிறு உலோக ஆணிகள்கூட அந்த ஒளியில் தெரிகின்றன. படிப்படியாகத் தாழ்ந்து குறுகும் நீள்கூடத்தின் முடிவில், கண்ணாடிக்கும் வெளியேயுள்ள குளத்துக்கும் முன்னே, ‘மூன்று அழகியர்’ சிலைக்கு அவர் இடம் வகுத்தார். இவ்வளவு வெயிலை அனுமதிக்க முடிந்ததும் பொருளின் குணத்தால்தான்: சாந்து வெளுத்துப்போவதில்லை. நீர்வண்ண ஓவியமாக இருந்தால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது பொது நெறி. கட்டடமும் வேறாகத்தான் இருந்திருக்கும்.

வெள்ளைச் சிலைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரா என்று கேட்கலாம். கருஞ்சுவர் புறவிளிம்பை மட்டுமே எடுத்துக்காட்டும். உடலின் ஏற்ற இறக்கத்தை அது விழுங்கிவிடும். வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் நிழலுக்குள்ளும் வடிவம் தெரிகிறது. இப்படி ஒட்டித் தைத்த கட்டடம் நாளைய மாற்றத்துக்கு இடந்தராது என்பது வலுவான மறுப்பு. மாதந்தோறும் காட்சி மாறும் கூடத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் இங்குள்ள சிற்பியின் பணி 1822லேயே முடிந்துவிட்டது. எளிதில் உடையும் சாந்தை அடிக்கடி நகர்த்துவதும் ஆபத்து. முதல் உலகப்போரில் விழுந்த குண்டுகளால் இந்தச் சிலைகள் பல சிதைந்திருக்கின்றன. புதிதாகக் கட்டும் வாய்ப்புள்ளோருக்கே இந்த வழி என்றும் சொல்வதற்கில்லை. 1964இல் திறக்கப்பட்ட வெரோனாவின் காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில், பழைய கோட்டைக்குள்ளேயே, அந்நகரை ஆண்ட கான்கிராந்தேயின் குதிரைச்சிலையை உயரமான கான்கிரீட் தாங்கியில் நிறுத்தி, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காணுமாறு நடைவழியைச் சுற்றி அமைத்தவரும் ஸ்கார்பாதான்.